ஹான்ஸ் தாத்தாவுக்குப் போட்ட கான்கிரீட்

செத்தவர்களைத் தேடிக் கிளம்புகிறவன், உயிரோடு இருப்பவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. நான் கேட்கவில்லை.

அப்பாவுக்குப் பூனைக்கண். அந்த ஒரே ஆதாரத்தை வைத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குக் கூலிச் சிப்பாயாகக் கப்பலேறி வந்த சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவர்தான் எங்கள் மூதாதை என்று முடிவு கட்டினேன். பெயர் ஹான்ஸ். (அங்கே அப்போது தெருவுக்கு நாலு ஹான்ஸ் என்பது பிறகுதான் தெரிந்தது.) தாம்பரத்தில் உட்கார்ந்தபடி சுவிட்சர்லாந்து ஆவணக் காப்பகத்துக்கு மெயில் மேல் மெயில் போட்டேன். 'இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது' என்று பதில் வந்தது. முதல் வார்த்தையோடு படிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

பல்லாவரத்தில் இருந்த அப்பாவின் கல்லறையைப் புதுப்பித்தேன். ஹான்ஸ் முதல் அப்பா வரை பெயர் வெட்டிய கருப்பு கிரானைட், அதற்கடியில் கம்பி கட்டிய கான்கிரீட். காலாகாலத்துக்கும் நிற்கணும் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். பாவி மனுஷன், சொன்னதை அப்படியே செய்துவிட்டார்.

எங்களில் குடும்பக் கல்லறை என்றால், பல வருஷம் கழித்து அதையே திறந்து அடுத்தவரையும் வைப்பார்கள். அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னையும் அப்பாகூடதானடா வைக்கணும். இத எப்படித் திறப்பாங்க?" என்றாள். அவள் வாழ்நாளில் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே இடம் அது. இப்ப எதுக்கும்மா அந்தப் பேச்சு என்று அதட்டி, கல்லோடு நிற்க வைத்து போட்டோ எடுத்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள்.

அடக்கத்தன்று காலையில் குழிவெட்டுபவர் போன் செய்தார். "இன்னா சார் இப்டி பண்ணி வச்சிகீற? கடப்பாரையே வளையுது சார்."

திருமுடிவாக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் அக்கா வீட்டுக்காரர் கான்கிரீட் உடைக்கும் மெஷினோடு வந்தார். அதற்குள் பெட்டியும் வந்துவிட்டது. தூறலில் அம்மாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். பாஸ்டர் ஜெபத்தை ஆரம்பிப்பார், மெஷின் அலறும், நிறுத்துவார். முதலில் உடைந்தது ஹான்ஸ். அப்பாவின் பெயர் கடைசியில் உடைந்தது. தேம்பித் தேம்பி அழுதேன். அம்மா இறந்ததற்கு மட்டுமல்ல, அவளை இப்படிக் காக்க வைத்ததற்கும்தான்.

பொழுது சாயும்போது அப்பாவோடு வைத்தோம். மேலே வெறும் மண்தான்.

இப்போதும் என் வீட்டில் பாத்ரூம் டைல்ஸ் மாற்றினால்கூட ஊரப்பாக்கத்திலிருந்து அக்கா போன் செய்துவிடுவாள்.

"சிமென்ட்ட கொஞ்சம் கம்மியா போடச் சொல்லுடா. நாங்கல்லாம் இன்னும் பாக்கி இருக்கோம்."