மழையில் நனைந்த பக்கங்கள்

பச்சைமலைத் தோட்டம், மேல்பிரிவு,
கேமரன் மலை.
2.4.1984

அன்பு மருமகள் நவமணிக்கு, தாய்மாமன் அமிர்தலிங்கம் எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தையும் குளிருக்கு அடங்கி, கம்பளிக்குள் நலமாக இருக்கிறோம். பதிலுக்கு உன் நலத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் நீ நலமில்லாமல் கிடந்த விவரத்தை எல்லாம் நீயே புத்தகமாகப் போட்டு, தமிழ்ப் பத்திரிகைக்காரர்களும் அதை ஞாயிறுதோறும் தொடராக வெளியிட்டுவருவதால், அந்தக் கேள்வியை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு வரலாமா, அம்மாவோடு கொஞ்ச நாள் இருக்கலாமா என்று கேட்டிருந்தாய். உன் அம்மா செல்லத்துக்குப் படிக்கத் தெரியாது என்பதால் வழக்கம்போல் கடிதம் என் பெயருக்கே வந்தது. இந்த வருஷம் வர வேண்டாம், அம்மா. கோபப்படாமல் காரணத்தைக் கேள்.

முதலில் எல்லோருக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. துரைமார் கிளப்பில் பந்து பொறுக்கப் போன நம் லயத்து வரிசை வீட்டில் பிறந்த பெண், ஊர் ஊராகப் போய் டென்னிஸ் கோப்பை வாங்கினாள், இப்போது புத்தகமும் எழுதிவிட்டாள் என்றால் யாருக்குத்தான் பெருமை இருக்காது? கோயில் தலைவர் சுப்பன், திருவிழாவில் உனக்குப் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்வதென்று கமிட்டியில் முடிவெடுத்தார். கம்போங் ராஜா டவுனுக்குப் போய்ப் பட்டுத் துணியும் வாங்கிவந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை மறுநாள் தேயிலை லோரியில் மேலே வரும். சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்போது பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்பார்கள் அல்லவா, அந்த நேரத்தில் கணக்கெழுதும் கிராணியாகிய நான் தராசுக்குப் பக்கத்தில் நின்று சத்தமாக உன் தொடரைப் படிப்பது என்று ஏற்பாடு. உன் அம்மா வரிசையில் முதல் ஆளாக நிற்பாள். கூடையை இறக்கி வைக்கக்கூட மறந்து நிற்பாள்.

உன் சின்ன வயதுக் கதை வரைக்கும் ஒரு சிக்கலும் இல்லை. கங்காணி முருகையாவுக்கு மட்டும் மனக்குறை. உன்னைக் கிளப்புக்கு அனுப்பச் சம்மதித்தவர் அவர்தானாம். "புல்லு வெட்றவன் பேரு போட்ருக்கு, கிளப்பு நாய் பேரு கூடப் போட்ருக்கு. எம்பேரு எங்கலா?" என்று என்னைக் கேட்கிறார், நான்தான் எழுதியது போல. அந்த நாயின் வம்சத்தில் வந்த இப்போதைய கிளப் நாயைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். நாயும் இப்போது அவரை மதிப்பதில்லை.

அதற்குப் பிறகுதான் வந்தது வினை. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பயத்தில் வாந்தி எடுப்பேன் என்று எழுதியிருக்கிறாய். நீயே சொல், கல்யாணமாகாத பெண் வாந்தி எடுத்தாள் என்று நிறுவைக் கொட்டகையில் நான் வாய்விட்டுப் படித்தால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? அதனால் "குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு" என்பதோடு நிறுத்தி, "இதற்கு மேல் மழையில் நனைந்து எழுத்து அழிந்துவிட்டது" என்றேன். குடும்ப மானத்தைக் காப்பாற்றத்தான் செய்தேன். உடனே கூடையோடு வரிசையில் நின்ற ரஞ்சிதம் கேட்டாள்: "கதவச் சாத்துனா சரி. உள்ள யாரு இருந்தா?"

மறுநாள் மத்தியானத்துக்குள் அந்தக் குளியலறையில் ஒரு வெள்ளைக்காரன் நின்றுகொண்டிருந்தான். சாயங்காலம் அவனுக்கு மீசையும் முளைத்துவிட்டது. கோலா தெர்லாவிலிருந்து உரம் ஏற்றிவந்த டிரைவர், "ஒங்க சாம்பியன் புருஷன் எந்த நாட்டுக்காரரு?" என்று என்னிடமே விசாரித்தான்.

அடுத்த வாரம் இன்னும் மோசம். வருஷக்கணக்காகத் தூக்கமே வரவில்லை, ஓட்டல் அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பேன், மாத்திரை போட்டேன், குடித்தேன், கடைசியில் மனநோய் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன் என்று வரிசையாக எழுதியிருக்கிறாய். ஒன்றையாவது மறைத்திருக்கக் கூடாதா, அம்மா? கோப்பை வாங்கியதை எழுதினாய், சரி. அதோடு நிறுத்தியிருந்தால் கோப்பையைப் பற்றி மட்டும் பேசியிருப்பார்கள். அன்றைக்குப் பத்திரிகை ஏகமாக நனைந்துபோனது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. "பிறகு சில மாதம் வெளியே வரமுடியாத இடத்தில் இருந்தேன்" என்ற ஒரு வரிதான் தப்பித்தது. வெளியே வரமுடியாத இடம் என்றால் ஜெயில்தானே? உன்னை ஜெயிலில் போட்டுவிட்டார்கள். என்ன குற்றம் என்பதில் மட்டும் லயத்துக்கு லயம் வேறு அபிப்பிராயம்.

சுப்பன் பட்டுத் துணியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். "ஜெயிலுக்குப் போனவளுக்குப் பரிவட்டம் கட்டுனா நாளைக்கு மத்த தோட்டத்துக்காரன் என்ன பேசுவான்?" என்கிறார். ஜெயில் இல்லை என்று சொல்லலாம் என்று பார்த்தேன். பிறகு எந்த இடம் என்று சொல்ல வேண்டிவருமே! தராசைத் துடைக்கப் போய்விட்டேன்.

உன் அம்மா யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. அதுதான் எனக்குக் கவலை. நிறுவைக்கு வருகிறாள், கடைசி ஆளாக நிற்கிறாள், போய்விடுகிறாள். உன் அத்தை கொடுத்துவிட்ட மீன் குழம்பு அப்படியே திரும்பி வந்தது. இந்த நிலையில் நீயும் வந்து நின்றால் அவள் தாங்குவாளா? எனவே இந்த வருஷம் அங்கேயே இரு. முடிந்தால் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிப் போடு. வெளிவந்தது வேறொரு நவமணியின் கதை என்று போட்டால் போதும். பெயர் ஒன்றாக இருப்பது உலகத்தில் நடக்காததா?

மாரியம்மன் உனக்கு நீண்ட ஆயுளையும், குறைந்த ஞாபகசக்தியையும் கொடுக்கட்டும்.

ஆசிகளுடன்,
உன் மாமன்,
அ. அமிர்தலிங்கம்,
பெரிய கிராணி.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி மேசையில் வைத்திருந்தேன். தபால் பை போவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. ரஞ்சிதம் டவுனில் கருவாடு வாங்கியிருக்கிறாள். சுற்றிக் கொடுத்தது உன் தொடர் வந்த இரண்டு வாரத்துப் பக்கங்கள்! சொட்டு மழை படாத பக்கங்கள். அவள் மகள் அவற்றை லயத்து வாசலில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டிவிட்டாள். வாந்தி, மாத்திரை, ஆஸ்பத்திரி, ஒன்று விடவில்லை. நான் ஆபீசுக்குள் ஒளிந்துகொண்டேன். ரஞ்சிதம் ஜன்னலுக்கு வந்து, "அட, இதுக்குத்தானா பேப்பர நனைச்சீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இப்போது நிறுவைக் கொட்டகையில் வேறு பேச்சே இல்லை. புருஷன் போனதிலிருந்து தனக்கும் தூக்கமில்லை என்று வேலம்மா சொல்லப்போக, வரிசையில் பாதிப் பேருக்குத் தூக்கமில்லை என்று தெரியவந்தது. கங்காணி முருகையா கொட்டகை நடுவில் நின்று, "தொர மோட்டார் சத்தம் கேட்டாலே எனக்கு வயித்தக் கலக்கும்லா. இத்தன வருசமா யாருகிட்டயும் சொன்னதில்ல" என்றார். இதை உனக்கு எழுதச் சொன்னார். அடுத்த புத்தகத்தில் நீ சேர்த்துக்கொள்ள வேண்டுமாம், பெயரோடு. உனக்கு மரியாதை இல்லையென்றால் இந்த வருஷம் பால்குடம் தூக்க மாட்டோம் என்று பெண்கள் சொன்னதும், சுப்பனும் பெட்டியைத் திறந்துவிட்டார்.

உன் அம்மா கூடையைக்கூடக் கழற்றாமல் நேராக ஆபீசுக்கு வந்தாள். "எம்புள்ள தூங்கலன்னு எழுதியிருந்தாளாமே. அத ஏண்ணே எனக்குப் படிக்கல?" என்று கேட்டாள். ஜெயில் என்று ஊர் பேசியபோது கேட்காதவள் இதைக் கேட்டாள். கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது வீரப்பனின் காய்கறி லோரி கியா பார்மிலிருந்து வந்து வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது. இந்த மலையை விட்டு இறங்கியறியாத உன் அம்மா கோஸ் மூட்டைகளுக்கு முன்னால் கம்பளியும் கையுமாக ஏறி உட்கார்ந்துவிட்டாள். நீ தூங்கும்வரை பக்கத்தில் இருக்கப் போகிறாளாம். கோலாலம்பூரில் உன் வீட்டைக் கண்டுபிடிக்க, மேலே முகவரி எழுதிய இந்த உறையைத்தான் கேட்கிறாள். வேறு உறை எழுத நேரமில்லை, லோரிக்காரன் கத்துகிறான். எனவே வர வேண்டாம் என்று உனக்கு நான் எழுதிய கடிதத்தை உன் அம்மாவே கொண்டுவந்து கொடுக்கிறாள்.

திருவிழாவுக்கு இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள். அண்ணன் என்ன எழுதியிருக்கிறார், படித்துக் காட்டு என்று அவள் கேட்டால், பின்குறிப்பை மட்டும் படி. மேலே உள்ளது மழையில் நனைந்துவிட்டது என்று சொல்லிவிடு.