சுறா எண்ணெயில் ஓடிய சிவப்புக் கார்

கடையில் மூன்றே சாமான் வாங்க வேண்டுமென்றாலும் நான் எழுதிக்கொண்டுதான் போவேன். எங்களைப் போன்ற பட்டியல்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எழுத மறந்த சாமான் கடையிலேயே கிடையாது என்று நம்பிவிடுவோம். எனக்கு இருபத்திரண்டு வயதில் அந்த வியாதி முற்றியிருந்தது. அதற்கு அத்தாட்சியாக ஒரு பதினான்கு வரிப் பட்டியலை இன்னும் வைத்திருக்கிறேன். அதன் ஓரத்தில் ஒரு பூனையின் கால்தடம் இருக்கிறது.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் டிரேசராக இருந்தேன். அதாவது, மற்றவர்கள் யோசித்து வரைந்ததை நான் யோசிக்காமல் பிரதியெடுக்க வேண்டும். அறையில் பதினோரு ஆண்கள், ஒரு மின்விசிறி, நான். மின்விசிறி அவர்கள் பக்கம் இருந்தது. அடுத்த அறை டிசைன் பிரிவு. அங்கே ஒரு நாற்காலி காலியானது. அதில் அதுவரை எந்தப் பெண்ணும் உட்கார்ந்ததில்லை. உட்காரக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை (நான் தேடிப் பார்த்தேன்).

நாற்காலிக்குப் பெயர் சிபாரிசு செய்ய வேண்டியவர் தலைமை இன்ஜினியர் ரங்கநாதன் சார். மயிலாப்பூர்க்காரர். வெங்காயத்தைக்கூட யோசித்துத்தான் சாப்பிடுவார். அவருடைய ஒரே கெட்ட பழக்கம் ஒரு சிவப்புக் கார். கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய பந்தயக் கார். கப்பல் கம்பெனி வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது இவரிடம் விற்றுவிட்டுப் போனது. மற்றவர்கள் அப்படிப்பட்ட காரைத் துணி போர்த்தி வைப்பார்கள். இவர் தினமும் மயிலாப்பூரிலிருந்து எண்ணூருக்கு அதில்தான் வருவார், பக்கத்து சீட்டில் டிபன் கேரியரோடு.

ஒருமுறை சோழவரத்தில் பந்தயம் பார்க்கப் போனவர் மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ் பிலோமினா, அங்க ஒவ்வொரு காரும் தரையோட ஒட்டிண்டு போறது. என்னோடதைப் பாருங்கோ. மழைத்தண்ணியில புடவையைத் தூக்கிப் பிடிச்சிண்டு நடக்கிற மாதிரி நிக்கறது. மூணு அங்குலம் இறக்கணும். ஆனா சாம்பார் சிந்தக்கூடாது."

"எந்த சாம்பார், சார்?"

"என் சாம்பார். கேரியர்ல இருக்கறது. தினமும் ஓட்டற வண்டியாச்சே. நீங்க கணக்குல கெட்டின்னு சொல்றா. ஸ்பிரிங், ஷாக் அப்சர்பர் ரெண்டையும் நீங்களே தேர்ந்தெடுங்கோ. சரியா வந்தா அந்த நாற்காலிக்கு உங்க பேரை எழுதறேன். வரலைன்னா…" மேசையைப் பார்த்தார். "டிரேசிங்கும் நல்ல உத்தியோகம்தான்."

அன்று மாலை பட்டியல் தொடங்கியது. வண்டியைத் தாழ்த்தினால் சக்கரம் மேலே எழும்ப இடம் குறையும். இடம் குறைந்தால் பள்ளத்தில் இடிக்கும். இடிக்காமலிருக்க ஸ்பிரிங் விறைப்பாக இருக்க வேண்டும். விறைத்தால் சாம்பார் சிந்தும். ஆக, முதலில் பள்ளங்களின் ஆழம் தெரிய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், மாதா கோயிலுக்குக் கட்டிய புடவையோடு, ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அடிக்கோலும் நோட்டுமாக நடந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் குனிந்து அளந்தேன். தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் பின்னால் ஒரு சிறு கூட்டம்.

"எம்மா, கார்ப்பரேசனா? எங்க தெரு கொயாயில பத்து நாளா தண்ணி வர்ல. எய்திக்கோ."

எழுதிக்கொண்டேன். (அந்த நோட்டில் நாற்பத்தொரு பள்ளங்களுக்கு நடுவே "குழாயில் தண்ணீர் வரவில்லை" என்று ஒரு வரி இன்னும் இருக்கிறது. பிரிவு: இதர.)

ஆழமான பள்ளத்தையும் ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின் மேட்டையும் வைத்துக் கணக்குப் போட்டதில், மூன்று அங்குலம் இறக்கினால் காரின் அடிவயிறு எண்ணூர் வந்துசேராது என்று தெரிந்தது. ஒன்றேகால் அங்குலம்தான் தாங்கும். சாரிடம் சொன்னேன். பேரம் பேசிப் பார்த்தார். நான் நோட்டைக் காட்டினேன். ஒன்றேகாலுக்குச் சம்மதித்தார்.

அந்த மாதிரி ஸ்பிரிங் எந்தக் கடையிலும் விற்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமானால் நான் ரிட்டையர் ஆகும்போது வரும். ஆகவே கம்பியின் கனம், சுற்றுகளின் எண்ணிக்கை எல்லாம் கணக்கிட்டு வரைந்து கொடுத்து, திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் சுற்றி வாங்கினேன். பின்சக்கரத்துப் பட்டை ஸ்பிரிங்கின் வளைவை லாரிகளுக்குப் பட்டை கட்டும் இடத்தில் அடித்துத் தாழ்த்தினார்கள். மாட்டும் வேலை தண்டையார்பேட்டையில் கொட்டகை வைத்திருந்த காதர் பாய்க்கு.

"இன்னா பிலோ, நல்லாத்தான நிமுந்துகினு கீது? அத்த ஏன் குந்த வெக்கிற?" என்றார் பாய்.

"ஆபீசர் ஆசைப்படுறாரு பாய்."

"ஆசப்படுறாரா? சரி, குந்த வெச்சிட்லாம்."

மீதி இருந்தது ஷாக் அப்சர்பர். இந்தக் காரில் அது ஒரு மூடிய இரும்புப் பெட்டி. உள்ளே எண்ணெய், வெளியே ஒரு கை. எண்ணெய் நீர்த்தால் வண்டி தொட்டில் மாதிரி ஆடும். கெட்டியானால் கட்டை வண்டி. அதற்கென்றே உள்ள எண்ணெய் ஊரில் எங்கும் கிடைக்கவில்லை. இன்ஜின் ஆயில், விளக்கெண்ணெய் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, ஓட்டை போட்ட பால் டின்னில் ஊற்றி, ஒழுக எத்தனை விநாடி ஆகிறது என்று எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் அளந்தேன். காலைக் குளிர்ச்சியில் ஒருமுறை, கத்திரி வெயில் சூட்டுக்குக் காய்ச்சி ஒருமுறை. சூடானதும் எல்லாம் தண்ணீராய் ஓடின. என் அம்மா மூன்று நாள் பொறுத்தாள். நான்காம் நாள், "சமையலுக்கு அடுப்பு எப்பம்மா காலியாவும்? உன் லிஸ்ட்ல அது கீதா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் சேவியர் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. காசிமேட்டில் படகு பழுதுபார்ப்பவர்.

"உன் இங்கிலீசு எண்ணெயெல்லாம் வெயிலுக்குத் தாங்காது பிலோ. நம்ம போட்டுக்குப் பூசுற சுறா எண்ணெய் கீதே, காச்சினது. கடல்ல போட்டாலும் அப்டியே நிக்கும், கரைல போட்டாலும் அப்டியே நிக்கும். எட்த்துனு வரட்டா?"

ஒரு டின் கொண்டுவந்தார். சோதித்தேன். குளிர்ச்சியிலும் சூட்டிலும் ஏறக்குறைய ஒரே விநாடிக் கணக்கு. எனக்கு நம்ப முடியவில்லை. திரும்பத் திரும்ப ஏழு தடவை அளந்தேன். அந்த இரவு என் வாழ்க்கையில் முதல்முறையாக விஞ்ஞானி என்ற சொல்லை என் பெயரோடு சேர்த்துப் பார்த்தேன்.

உடனே "எண்ணெயில் கவனிக்க வேண்டியவை" என்று தலைப்பிட்டுப் பதினான்கு வரிகள் எழுதினேன். கெட்டித்தன்மை, சூடு தாங்குதல், நுரைத்தல், துருப்பிடித்தல், ரப்பர் வளையத்தைக் கெடுக்குமா (ஒருநாள் முழுக்க ஊறவைத்தேன், கெடவில்லை), தீப்பிடிக்குமா, கண்ணில் பட்டால் எரியுமா. பதினான்கிலும் சுறா தேறியது.

வாசனை என்ற சொல் அதில் இல்லை.

மறதி என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். நான் பிறந்த வீட்டுக்கும் படகுக்கரைக்கும் நடுவே இரண்டு தெருதான். எனக்கு அது வாசனை இல்லை, காற்று. காற்றை யாராவது பட்டியலில் எழுதுவார்களா? அம்மா, மாமா, பாய் என்று அந்த எண்ணெயைத் தொட்ட எல்லோருமே இதே காற்றில் வளர்ந்தவர்கள். டின்னைத் திறந்து ஊற்றியபோது ஒருவர் மூக்கும் சுருங்கவில்லை. பாய் பக்கத்திலேயே உட்கார்ந்து டீயும் பன்னும் சாப்பிட்டார்.

ஒரு வாரம் கழித்து, மே மாதத்துக் காலை எட்டரை மணிக்கு, ரங்கநாதன் சார் பாய் கொட்டகைக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினார். காரைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். மூடிகள் எல்லாம் இறுக்கமாக இருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "பிரமாதம்" என்று மட்டும் சொன்னார். டிபன் கேரியரை என் மடியில் வைத்தார். கிளம்பினோம்.

பெருமைக்காகச் சொல்லவில்லை, அந்தச் சவாரி அற்புதமாக இருந்தது. என் நோட்டில் இருந்த பள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. வண்டி ஒவ்வொன்றிலும் ஒருமுறை மூச்சு விட்டு நிமிர்ந்தது. திருவொற்றியூர் தாண்டும்போது சார் கேரியரைத் திறந்து காட்டச் சொன்னார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. "அந்த நாற்காலிக்கு ஜன்னல் பக்கம் வெளிச்சம் நன்னா வரும்" என்றார். நான் அதில் உட்கார்ந்தே விட்டேன்.

எண்ணூருக்கு முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றோம்.

ரப்பரை நான் ஒருநாள்தான் ஊறவைத்தேன். வண்டிக்குள் அது ஒரு வாரமாக ஊறியிருந்தது. முன்பக்க வளையம் ஒன்று இளகி, எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கீழே கொதித்துக்கொண்டிருந்த புகைக்குழாயின் மேல் விழுந்தது.

"மிஸ் பிலோமினா, ஏதோ வாசனை வரலை?"

உண்மையாகவே மூச்சை இழுத்துப் பார்த்தேன். "இல்லையே சார்."

"நன்னா பாருங்கோ."

"கொஞ்சம் பெட்ரோல் வருது. அப்புறம் உங்க சாம்பார்."

"என் சாம்பார் இப்படி வராது" என்றார். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார்.

முதலில் ஒரு மஞ்சள் பூனை வந்து பானெட்டின் மேல் ஏறி உட்கார்ந்தது. சார் ஹாரன் அடித்தார். அந்தச் சத்தத்துக்கு மேலும் இரண்டு வந்தன. பக்கத்தில் கூடையோடு நின்றிருந்த மீன்கார அம்மா குனிந்து காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா மீனு நைனா?"

"மீன் இல்லைம்மா. இது கார்."

"காருன்னு தெர்யுது. மீனு இன்னான்னு கேட்டேன்."

"நான் மீனே தொடமாட்டேம்மா!"

"தொடாதவன்தான் இம்மாம் வெயில்ல வறுத்துகினு கீறியா?" என்று அவள் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "சுறா மாரி கீது. புட்டு வெச்சா சோக்கா இருக்கும்."

அதற்குள் நாய்கள் வந்துவிட்டன. சரக்கு ரயிலும் வந்துவிட்டது. மூடிய கேட்டுக்கு முன்னால், நீலப் புகைக்கு நடுவே, முன்னும் பின்னும் லாரிகள் இடித்துக்கொண்டு நிற்க, நாங்கள் உட்கார்ந்திருந்தோம். பதற்றம் வந்தால் எனக்கு எண்ணத் தோன்றும். பூனைகள் ஆறு, நாய்கள் நான்கு, காக்கைகள் எண்ண முடியாதவை. கையிலிருந்த பதினான்கு வரிப் பட்டியலின் ஓரத்தில் குறித்துக்கொள்ளப் போனேன். அந்த மஞ்சள் பூனை பானெட்டிலிருந்து என் மடிக்குத் தாவி, அதன் மேலேயே காலை வைத்தது.

"அந்த ஷாக் அப்சர்பர்ல என்ன எண்ணெய் விட்டேள்?" என்று கைக்குட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சுறா, சார்."

பதினேழு வேகன்கள் போவதை எண்ணினேன். பிறகு அவர் என் மடியிலிருந்து கேரியரை எடுத்து, காரைவிட்டு இறங்கி, நாய்களைத் திசைதிருப்பச் சாம்பாரையும் சாதத்தையும் சாலையோரத்தில் கொட்டினார். நாய்கள் முகர்ந்து பார்த்துவிட்டு, மரியாதையாகத் திரும்பிச் சக்கரத்துக்கே வந்தன.

கேட் திறந்தது. ஊர்வலமாகத் தொழிற்சாலைக்குள் நுழைந்தோம். வாட்ச்மேன் காருக்கு சல்யூட் அடித்தான். பின்னால் வந்த நாய்களுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கையை இறக்காமலே நின்றான்.

அன்று மாலை அவருடைய வீட்டில் காரைத் தெருமுனையோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் அது காதர் பாய் கொட்டகைக்குத் திரும்பியது. பெட்டிகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் வைத்து, மறுபடி கழுவி (இந்த வேலை என்னுடையது), சரியான எண்ணெய் ஒருவழியாக வந்துசேர இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை தினமும் கார் ஓட்டியவர் தினமும் ரயிலில் வந்தார். நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார். நான் டிரேசிங் துணிக்குத் திரும்பினேன். ஒரு வார்த்தைகூட அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

காரிலேயே ஒட்டிக்கொண்டு வந்த அந்த மஞ்சள் பூனை கொட்டகையில் கழுவும் இடத்தைவிட்டு நகராமல் மேற்பார்வை பார்த்தது. வேலை முடிந்ததும் என் பின்னாலேயே ராயபுரம் வரை வந்து வீட்டில் தங்கிவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் உற்றுப் பார்ப்பதால் அம்மா அதற்கு "சார்" என்று பெயர் வைத்தாள்.

ஒன்பது மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் உள்ளே தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன் (தேங்காய் எண்ணெய்). அம்மா வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

"பிலோ… சாரு வந்துகீறாரு."

"மீன் தலையைப் போட்டு வெளியில துரத்தும்மா!" என்று கத்தினேன். "தெனமும் இதே ரோதனை. விட்டா உள்ள வந்து அடுப்புல ஏறிடும்!"

பதிலுக்கு மயிலாப்பூர்க் குரல் ஒன்று நிதானமாகக் கேட்டது.

"மீன் தலை வேண்டாம். ஆறேழு மாசமா சாம்பார் சிந்தலை, நாற்காலியும் மறுபடி காலியாயிடுத்து. இந்த ஆர்டர்ல ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். நாளைக்கு டிசைன்ல சேரணும்."

எண்ணெய்க் கையோடு கையெழுத்துப் போட்டேன். என் பதினான்கு வரிகளிலிருந்து உருவான தொழிற்சாலையின் எண்ணெய்ச் சோதனைப் படிவத்தில் இப்போது பதினைந்தாவது வரி ஒன்று உண்டு. நான் எழுதியது. "மணம்: கடலோரத்தில் பிறக்காத ஒருவர் முகர்ந்து கையெழுத்திட வேண்டும்." அந்தக் கையெழுத்தை இன்றுவரை ரங்கநாதன் சார்தான் போடுகிறார்.

எங்கள் வீட்டில் இன்றும் யாராவது கதவைத் தட்டினால், எழுந்து போவதற்கு முன் அம்மா உள்ளிருந்தே கேட்பாள்:

"சைவமா, அசைவமா?"