என் சுவருக்கு நேர்ந்த அவமானம்

அன்பும் ஆத்திரமும் சரிபாதியாகக் கலந்து மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் சௌக்கியம், என் ரத்தக்கொதிப்பைத் தவிர. பன்னிரண்டு தடவை போன் அடித்தும் நீ எடுக்காததால் பேனாவை எடுத்தேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மேட்டில் இருக்கிற உன் மனையில் நீ வீடு கட்டு, மாடி கட்டு, விமான நிலையம்கூடக் கட்டிக்கொள், யார் கேட்டது? ஆனால் என் காம்பவுண்டு சுவருக்கு ஒரு சாண் தள்ளி, மேட்டு மண்ணைத் தாங்கவென்று ஆறடி உயரத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்ப ஒரு மேஸ்திரியை அனுப்பினாயே, அதற்கு என்ன அர்த்தம்? என் சுவர் மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். முப்பத்தெட்டு வருஷமாக உன் மனை மொத்தத்தையும் முதுகில் சுமந்த சுவரடா அது. எதிரிப் படை வந்திருந்தால் அதைப் பார்த்தே திரும்பிப் போயிருக்கும். நடுவில் கொஞ்சம் எங்கள் படுக்கையறைப் பக்கம் சாய்ந்திருக்கிறது, வாஸ்தவம். என்னைக் கண்டால் குனிகிற மரியாதை உன்னிடம் இல்லாவிட்டாலும் அதனிடம் உண்டு.

வந்த அன்றைக்கே உன் மேஸ்திரி, "ஐயா, உங்க சுவரு வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது, பாத்துக்குங்க" என்றார். "உனக்கும்தான் வயிறு தள்ளியிருக்கு, நீ விழுந்துட்டியா?" என்று கேட்டேன். மண்ணை வெட்டி ஒதுக்கி, கம்பி கட்டி, பலகை அடித்து, கலவை மிஷினை ஓடவிட்டார் பார், என் காதுக்குள் இன்றைக்கும் ஜல்லி உருள்கிறது. அதோடு விட்டாரா? கையில் டிரில்லோடு வந்து, "மண்ணுல ஊறுற தண்ணி வடியறதுக்குப் புதுச் சுவர்ல பதினோரு குழா வச்சிருக்கேன், உங்க சுவர்லயும் பதினோரு ஓட்டை போட்டாத்தான் வெளிய போகும்" என்கிறார். "என் சுவர்ல ஊசி நுழைய விடமாட்டேன், போய்யா" என்று விரட்டினேன். விரட்டியதோடு நிற்காமல், இரண்டு சுவருக்கும் நடுவில் பெருச்சாளி குடிவராதபடி இரண்டு முனையையும் செங்கல் வைத்து அடைத்துப் பூசச் சொல்லி, பக்கத்திலேயே நின்று வேலை வாங்கினேன்.

உன் அத்தை ஜன்னல் வழியாக, "அப்ப தண்ணி எங்கங்க போகும்?" என்றாள்.

"அவன் தண்ணி, அவன் கவலை" என்றேன்.

மூன்று நாளாக விடாத மழை. உன் பதினோரு குழாயும் நடுச்சந்தில் கொட்டுகின்றன. ஸ்டூல் போட்டு எட்டிப் பார்த்தால் என் முகமே தெரிகிறது. இன்னும் ஒரு வாரம் போனால் கப்பல் விடலாம். என் சுவருக்கு வியர்க்கிறது. உன் அத்தை தலையணையைத் தூக்கிக்கொண்டு, "நான் இனிமே ஹால்லதான். நீங்க உங்க சுவரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுப் படுங்க" என்று போய்விட்டாள். குடும்பத்தையே பிரித்துவிட்டாய். ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் உன் கான்கிரீட்டை இடித்து அப்புறப்படுத்தி, என் சுவரிடம் பழைய பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். இல்லையென்றால் உன் புது வீட்டு வாசலை இந்தக் கால் மிதிக்காது.

நோய்நொடி அண்டாமல், நல்ல புத்தி இனிமேலாவது அண்டி, நூறு வயது நீ இருக்க வாழ்த்தும்,
(வெள்ளிக்கிழமை வரை) உன் மாமன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஒரு சத்தம். என் சுவர் நாற்பது அடியும் ஒரே மூச்சில் படுத்துவிட்டது. படுக்கையறை ஜன்னல் கட்டிலில் கிடக்கிறது, செருப்பு ரெண்டும் தெருவுக்கு மிதந்து போய்விட்டன. நான் சாப்பாட்டு மேஜையில் எழுதிக்கொண்டிருந்தேன், அத்தை ஹாலில் இருந்தாள், ஒன்றுமில்லை. போய்ப் பார்த்தால் உன் சுவர் அசையாமல் நிற்கிறது. மேட்டு மண்ணிலிருந்து ஒரு பிடிகூட இந்தப் பக்கம் வரவில்லை. வந்திருந்தால் இந்தப் பின்குறிப்பை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும். அந்தச் சுவர் மேல் கை வைத்தாயோ, கொன்றுவிடுவேன். உன் அம்மா கேட்டால், பழைய சுவரை எடுத்துவிட்டுப் புதுசை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னதே மாமாதான் என்று சொல்லிவிடு.