ஈரவயலில் முதல் முட்டை

"அந்த ஈரவயல்ல ஒரே ஒரு ஆட்காட்டிப் பறவை ஒரே ஒரு முட்டை போட்டாக்கூட, நான் வடிகால் குழாய் பதிக்க மாட்டேன். போதுமா?"

ஹெஸ்ஸெல் இப்படிச் சபதம் போட்டது மதுக்கடையில், பன்னிரண்டு பேர் முன்னிலையில், மூன்றாவது கிளாஸ் மூலிகைச் சாராயத்துக்குப் பிறகு. அவனை வீட்டுக்குக் கூட்டிப் போக வந்த மனைவி ரின்ஸ்கே, நனைந்த கோட்டோடு வாசலில் நின்றபடி கேட்டாள்.

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டோம், கேட்டோம்" என்றார்கள் பன்னிரண்டு பேரும்.

ஈரவயல் அவளுடைய அப்பா விட்டுப் போனது. மார்ச் மாதம் முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். குழாய் பதித்துத் தண்ணீரை வடித்துவிட்டால் வருஷத்துக்கு நாலு அறுப்பு புல் எடுக்கலாம் என்பது ஹெஸ்ஸெலின் கணக்கு. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குழாய்க்காரனை அடுத்த திங்கட்கிழமைக்கு வரச் சொல்லிவிட்டான். முப்பத்தோரு வருஷத் தாம்பத்தியத்தில் ரின்ஸ்கே அவனிடம் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: அந்த வயலை அப்படியே விட்டுவிடு. அதற்குக் கிடைத்த பதில்தான் அந்தச் சபதம்.

சபதத்தில் அவனுக்கு நஷ்டம் வராது. பத்து நாளாக 'உடற்பயிற்சி' என்று சொல்லி நாயை அந்த வயலில்தான் ஓடவிட்டுக்கொண்டிருந்தான், காலை ஒரு தரம், மாலை ஒரு தரம். நாய் விரட்டும் இடத்தில் எந்தப் பறவை முட்டை போடும்?

மறுநாளே ரின்ஸ்கே சொன்னாள்: "நாயை இனிமே நான் கூட்டிட்டுப் போறேன். நீ நிம்மதியா முட்டை தேடு."

என்ன நல்ல பெண்டாட்டி என்று ஹெஸ்ஸெல் நினைத்தான். வருஷத்துக்கு ஒரு முறையாவது அப்படி நினைப்பான்.

முட்டை தேடுவது அவன் வியாதி. ஃப்ரீஸ்லாந்துச் சீமையில் மார்ச் பிறந்தால் ஆண்பிள்ளைகளுக்குப் பிடிக்கிற வியாதிதான். அந்த வசந்தத்தின் முதல் ஆட்காட்டி முட்டையை யார் கண்டுபிடிக்கிறானோ அவன் பெயர் மதுக்கடைப் பலகையில் ஏறும். முட்டையை எடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தபிறகும் வியாதி தீரவில்லை. இப்போது பக்கத்தில் கழியை நட்டுவிட்டு ஊரைக் கூப்பிடுகிறார்கள். பக்கத்துப் பண்ணை டௌவேயின் பெயர் பலகையில் நாலு முறை இருக்கிறது. ஹெஸ்ஸெலின் பெயர் பாக்கிப் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது.

மாடு கன்று போடும் மாதமும் ஆட்காட்டி முட்டை போடும் மாதமும் ஒன்றாக அமைந்தது கடவுள் தனக்குச் செய்த உபகாரம் என்பது அவன் கட்சி. முப்பத்தோரு மார்ச் மாதங்களாகத் தனியாகக் கன்று இழுத்த ரின்ஸ்கேவுக்குக் கடவுளைப் பற்றி வேறு அபிப்பிராயம் இருந்தது.

வியாழக்கிழமை காலை. ஆலங்கட்டி மழையில் நாலு வயல் சுற்றிவிட்டு வெறுங்கையோடு காப்பிக்கு வந்தான் ஹெஸ்ஸெல். ரின்ஸ்கே தொழுவத்தில் முழங்கை வரை நனைந்து நின்றாள்.

"கன்னு வருது. இந்தக் கயித்தக் கொஞ்சம் பிடி."

"காப்பியைக் குடிச்சிட்டு வரேன்."

"சரி, குடி. டௌவே நம்ம ஈரவயலுக்கு வரான்போல. பாலத்துக்கிட்ட சைக்கிளை நிறுத்திட்டான். கழுத்துல தூரக்கண்ணாடி தொங்குது."

"என்னது! நம்ம வயல்லயா?"

"ஆட்காட்டி ஏதாவது சுத்தியிருக்கும். உனக்கென்ன, அங்கதான் முட்டையே இருக்காதே."

காப்பி அப்படியே இருந்தது. மாடும் அப்படியே இருந்தது. கழியை எடுத்துக்கொண்டு ஹெஸ்ஸெல் பறந்தான்.

கழியை ஊன்றி வாய்க்காலைத் தாண்டும்போதே பார்த்துவிட்டான். பெட்டை பதுங்கிப் பதுங்கிப் பத்தடி ஓடி, அப்புறம்தான் எழும்பியது. அப்படி ஓடினால் கீழே விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். கொண்டை சிலிர்த்த ஆண் அவன் தலைக்கு மேலே கத்திக்கொண்டு குட்டிக்கரணம் அடித்தது. எட்டு அடி வைத்தான். புல்லைக் கூட்டிய சின்னக் குழியில், கூர்முனைகள் உள்பக்கம் பார்க்க, பச்சைப் பழுப்பில் மை தெளித்த மாதிரி இரண்டு முட்டைகள்.

ஹெஸ்ஸெலுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் வந்தது.

அப்போதுதான் முட்டைக்குப் பக்கத்தில் சேற்றில் இருந்த தடத்தைப் பார்த்தான். மரச்செருப்புத் தடம். சின்னக் கால். இடது குதிகால் ஓரம் உடைந்த தடம். அந்தச் செருப்பை மாற்றித் தருகிறேன் என்று இரண்டு சந்தைக்கு முன்னால் அவன்தான் வாக்குக் கொடுத்திருந்தான்.

தனக்கு முன்னால் அவள் பார்த்துவிட்டாள்! முறைப்படி பலகையில் ஏற வேண்டியது ரின்ஸ்கேயின் பெயர். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் டௌவே ஓடி வருவது தெரிந்தது. வாயைத் திறக்காமல் போனால் டௌவேக்கு ஐந்தாவது முறை. எப்படியும் குழாய் போச்சு; பெயரையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா? ஹெஸ்ஸெல் யோசித்தது அவ்வளவுதான். தன் நாற்பத்தாறாம் நம்பர் காலை அந்தத் தடத்தின்மேல் வைத்து, இரண்டு திருகு திருகினான். கழியை நட்டான்.

"முதல் முட்டை! டேய் டௌவே, முதல் முட்டைடா!"

மத்தியானம் மதுக்கடையில் முட்டை தேடுவோர் சங்கத் தலைவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"ஹெஸ்ஸெல், உனக்கு முன்னாடி வேற யாரும் பாக்கலையே?"

"யாரும் இல்ல" என்றான் ஹெஸ்ஸெல், கையை மேஜைமேல் வைத்து. குரல் பிசிறவே இல்லை.

பெயர் பலகையில் ஏறியது. கை தட்டினார்கள். தட்டிய கையோடு டெலிபோனை அவன் முன்னால் நகர்த்தினார்கள். பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, குழாய்க்காரனிடம் வர வேண்டாம் என்றான். எங்க ஊர் முதல் முட்டை போட்ட வயல், இனி அங்கே குழாய் என்ற பேச்சே கிடையாது என்று பெருமையாகவும் சொல்லிவைத்தான்.

"கொடுத்துவெச்சவன்டா நீ" என்றான் டௌவே, கிளாஸைத் தூக்கி. "நான் தெக்க போறதாத்தான் இருந்தேன். உன் பொண்டாட்டிதான் காலையில போன் பண்ணி, எங்க வயல்ல பறவை சுத்துது, வந்து பாருன்னா."

ஹெஸ்ஸெல் கிளாஸை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தான்.

வீட்டுக்கு வந்தபோது கன்று நாலு காலில் நின்று தள்ளாடிக்கொண்டிருந்தது. ரின்ஸ்கே வாளியில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"எழுதிட்டாங்களா பேரை?"

"எழுதிட்டாங்க." கன்றின் பக்கம் குனிந்தான். "நாயை எங்க கூட்டிட்டுப் போனே?"

"ரோட்டோரமா. அதுக்கு வயல் ஒத்துக்கல."

"முட்டையை எப்போ பாத்தே?"

"செவ்வாக்கிழமை ஒண்ணு. இன்னைக்குக் காலையில ரெண்டு. எண்ணிட்டுத்தான் டௌவேக்குப் போன் பண்ணேன்."

"நீயே சொல்லியிருக்கலாமே! உன் பேருதானே வந்திருக்கும்!"

"நான் சொல்லியிருந்தா, வயலைக் காப்பாத்த நானே கொண்டுபோய் வெச்சேன்னு சொல்லியிருப்பே. டௌவே சொல்லியிருந்தா அவன் வெச்சான்னு சொல்லியிருப்பே. உன் பேரு பலகையில ஏறின முட்டைய நீயே பொய்யின்னு சொல்ல முடியாதே."

இருந்தாலும் ஹெஸ்ஸெலுக்கு அவள் கணக்கில் ஓட்டை ஒன்று கண்ணில் பட்டது, அதைப் பிடித்துக்கொண்டான்.

"ரொம்பக் கெட்டிக்காரின்னு நினைக்காதே! அங்க உன் செருப்புத் தடம் அப்படியே கிடந்துச்சு. டௌவே பாத்திருந்தா உன் திட்டமெல்லாம் என்ன ஆயிருக்கும்?"

ரின்ஸ்கே உடைந்த செருப்பை உதறி மாட்டிக்கொண்டு வாளியைத் தூக்கினாள்.

"அதான் உன்னை முதல்ல ஓடவிட்டேன். நீ அழிச்சிருவேன்னு தெரியும். முப்பத்தோரு வருஷத்துல நீ என்னைக் கைவிடாத ஒரே விஷயம் அது."