விருந்தாளியை அவமதிக்காத வடிகட்டி

வரலாற்றின் மகத்தான முடிவுகள் எல்லாமே ஆண்கள் உட்கார்ந்திருக்க, பெண்கள் தேநீர் ஊற்றும்போதுதான் எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று முயஸ்ஸர் நினைத்துக்கொண்டாள். அப்போது அவள் ஊற்றிக்கொண்டிருந்தாள். தாஷ்கண்டில் மதிப்புக்குரியவர் கிண்ணத்தில் இரண்டு மிடறுக்கு மேல் ஊற்றுவது மரியாதையில்லை. அன்று வந்திருந்த எல்லோருமே மிகவும் மதிப்புக்குரியவர்கள். ஆகவே அவள் உட்காரவேயில்லை.

கூட்டத்தின் பொருள், முற்றத்து நீச்சல் குளத்துக்கு வடிகட்டி தேர்ந்தெடுத்தல். குளமே முந்தைய கூட்டத்தின் சாதனைதான். நிழல் வேண்டுமென்று, அதை முசுக்கட்டை என்கிற மல்பெரி மரத்துக்கு நேர் கீழே வெட்ட ஒருமனதாகத் தீர்மானித்திருந்தார்கள். மரத்தை யாரும் கலந்தாலோசிக்கவில்லை. மே மாதம் பிறந்ததும் அது தன் கருத்தைக் கறுப்புப் பழங்களாக உதிர்த்துத் தெரிவித்தது.

கடைக்காரர் தொலைபேசியில் கணக்குச் சொல்லியிருந்தார். குளத்துத் தண்ணீர் முழுவதும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வடிகட்டிக்குள் போய்வர வேண்டும். அறுபதாயிரம் லிட்டர் குளத்துக்கு, மணிக்குப் பத்தாயிரம் லிட்டர் வடிகட்டுவது தேவை. மேலே மரம் வேறு இருப்பதால் ஓர் அளவு கூடவே வாங்குவது நல்லது.

விஷயம் இந்த அற்பக் கணக்கோடு முடிந்திருக்கும். நல்லவேளையாக, முயஸ்ஸரின் கணவன் ஸோஹிதுக்கு எர்காஷ் என்றோர் அண்ணன் இருந்தார். கூட்டங்களுக்குத் தலைமை தாங்கியே ஓய்வுபெற்றவர்.

"அவ்ளோ பெரிய வடிகட்டிய முத்தத்துல வச்சா, வர்ற விருந்தாளி என்னடா நெனைப்பான்? 'நம்ம அழுக்குக்காகத்தான் வாங்கி வச்சிருக்கான்'னு நெனைக்க மாட்டானா?"

சபை அதிர்ந்தது. தான் குளிக்க வருமுன் வீட்டிலேயே ஒருமுறை குளித்துவிட்டு வருபவன் என்பதைப் பக்கத்து வீட்டுக் கமோல் பதிவு செய்தார். வடிகட்டியின் அளவைத் தண்ணீர் தீர்மானிப்பதா, விருந்தோம்பல் தீர்மானிப்பதா என்ற 'கொள்கை விவாதம்' புலாவ் வரும்வரை நீடித்தது. புலாவ் வந்ததும் விருந்தோம்பல் வென்றது. கடைக்காரர் சொன்னதில் பாதி அளவு போதும். ரோஜாச் செடிக்குப் பின்னால் அடக்கமாக மறைந்துகொள்ளும்.

மீதி அழுக்கு எங்கே போகும் என்று கமோல் கேட்டார். எர்காஷ் கேள்வியை ரசித்தார்.

"வீட்டு மருமக எதுக்கு இருக்கா? விடியுமுன்ன முத்தம் பெருக்க எந்திரிக்கத்தான செய்யுறா. அப்படியே கொளத்தையும் வலையால ஒரு அள்ளு அள்ளிட்டாப் போச்சு."

விடியுமுன் முற்றம் பெருக்குவதுதான் அந்த ஊர் மருமகளுக்குப் பெருமை. பெருக்கி முடித்த பிறகு, மாமியார் எழுவதற்குள் கொஞ்ச நேரம் மிஞ்சும். முயஸ்ஸர் அப்போது படியில் சும்மா உட்கார்ந்திருப்பாள், யாருக்கும் மனைவியாகவோ அம்மாவாகவோ இல்லாமல். அப்படி ஒரு நேரம் இருப்பதே வேறு யாருக்கும் தெரியாது. கூட்டம் அதைக் குளத்துக்கு ஒதுக்கிவிட்டு, கைகளை ஏந்திப் பிரார்த்தித்துக் கலைந்தது.

வடிகட்டி வந்தது. சில நாட்களிலேயே குளம் பீட்ரூட் சாறாகியது. ஒரு மதியம் வடிகட்டி முனகி, நடுங்கி, நின்றது. ஸோஹித் ஓடிப்போய் அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தான். இவ்வளவு கனிவாக அவன் எதையும் தொட்டு முயஸ்ஸர் பார்த்ததில்லை.

"பாவம், கொதிக்குது. அதோட சக்திக்கு மேல நாம வேலை வாங்கிட்டோம். ரெண்டு நாள் ஓய்வு கொடுக்கணும்."

பிறகு, அன்றுதான் வாங்கி வந்திருந்த நீளக் காம்பு போட்ட வலையை எடுத்து அவளிடம் நீட்டினான். ஊர் வழக்கப்படி, மகன் சர்தோரின் பெயரால்தான் அவளை அழைப்பான்.

"சர்தோரம்மா, இந்தா பிடி. நாளைக்கு விடியக்காலைலேர்ந்து நீ ஆரம்பிச்சிரு."

அவள் கையை நீட்டவில்லை.

"அதுக்கு எவ்ளோ தாங்கும்னு கடைக்காரர்ட்ட கேட்டீங்க, அண்ணன்ட்ட கேட்டீங்க, பக்கத்து வீட்டுல கேட்டீங்க. எனக்கு எவ்ளோ தாங்கும்னு யார்ட்டங்க கேட்டீங்க?"

"உன்னை என்ன கேக்கறது? நீ செஞ்சிருவ."

"மாட்டேங்க," என்றாள். உள்ளே மாமியார் தூங்கிக்கொண்டிருந்ததால் மெதுவாகத்தான் சொன்னாள்.