வெட்டவெளியில் ஒரு ஞாயிறு

ஓசூரிலிருந்து ராஜபாளையத்துக்கு மாற்றலாகி வந்த முதல் வாரமே பாலகணேஷ் ஒரு மாபெரும் அறிவிப்பை வெளியிட்டான். இட்லிக்குச் சட்னி வருவதற்குள் வெளியிட்டான்.

"இனிமே ஞாயித்துக்கிழமைன்னா வெட்டவெளிதான். புது ஊரு. பிள்ளைக மரம் பாக்கணும், மலை பாக்கணும். அன்னைக்கு எந்த வீட்டுக் கூரைக்குக் கீழயும் நம்ம கால் படக்கூடாது."

மாரிச்செல்வி சட்னிக் கரண்டியோடு நின்றாள். "எந்த வீடும்னா? நம்ம வீடுமா?"

"நம்ம வீட்டத் தவிர."

"அப்ப எங்க அண்ணன் வீட்டச் சொல்லுதிய."

"நான் பொதுவாச் சொல்லுதேன்."

அவன் பொதுவாகச் சொல்லவில்லை. செல்வியின் அண்ணன் வல்லரசு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். போன வருஷம் வன்னியம்பட்டிப் பக்கம் தோப்புக்குள் புது வீடு கட்டி, பால் காய்ப்புக்கு ஃபிளக்ஸ் அடித்து, அதை வாட்ஸப்பில் எல்லோருக்கும் அனுப்பினான். மேல் வரிசையில் மாமன்மார். நடுவில் வல்லரசு வளர்க்கும் நாய், முழு உருவம். கீழ் மூலையில், தபால்தலை அளவில், வீட்டு மாப்பிள்ளை பாலகணேஷ். இடம் போதாமல் ஒரு காதையும் வெட்டியிருந்தார்கள்.

"அந்த வீட்டு வாசப்படிய இனி மிதிக்க மாட்டேன்" என்று அன்றே சபதம் போட்டான். பால் காய்ப்புக்கும் போகவில்லை. வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஓசூரில் இருந்தவரை சபதத்துக்கு எந்தச் சிரமமும் இல்லை. இப்போதோ, பஸ்ஸில் கண்ணயர்வதற்குள் வந்துவிடும் தூரம். ஞாயிற்றுக்கிழமைகளை அடைத்து வைக்காவிட்டால் மானம் போய்விடும். வெட்டவெளித் திட்டம் பிறந்தது இப்படித்தான்.

முதல் ஞாயிறு அய்யனார் கோயில் ஆறு. ஆற்றில் தண்ணீரைத் தவிர எல்லாம் இருந்தது. புளியோதரையைக் குரங்குகள் சாப்பிட்டன. விக்கல் எடுக்காமல் இருக்க வாட்டர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு போயின.

அடுத்த ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர். உச்சி வெயிலில் பிள்ளைகளை நிறுத்தித் தேரைக் காட்டினான்.

"இது எப்பப்பா கெளம்பும்?" என்றான் சின்னவன் ராம்குமார்.

"ஆடிப் பூரத்துக்கு."

"அம்புட்டு நாளும் இங்கயே நிக்கணுமா?"

மூத்தவள் நாச்சியார் ஏற்கெனவே தேர்ச்சக்கர நிழலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"அடுத்த வாரம் நான் ஏற்பாடு பண்ணுதேன்" என்றாள் செல்வி. "ஒருத்தர் தோப்புல நடத்துதாராம். பம்புசெட்டுக் குளியல், மரத்தடியில வாழையிலைச் சாப்பாடு. டவுன்காரவிய குடும்பத்தோட போறாவ."

"கூரை?"

"தென்ன ஓலைதான். அதுவும் மரத்துலயே இருக்கு."

பாலகணேஷ் அனுமதி வழங்கினான்.

நால்வரும் ஒரே பைக்கில் போனார்கள். செல்வி இடது என்றாள், வலது என்றாள். ஊர்ப் பெயர்ப் பலகை வந்தபோது, "அந்தா பாருங்க மயிலு!" என்று மலைப்பக்கம் கை காட்டினாள். மயிலைத் தேடியபடியே பாலகணேஷ் பலகையைத் தாண்டினான்.

தோப்பில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ராம்குமார் காலைப் பிடித்து இழுக்க, பேண்ட் சட்டையோடு தொட்டிக்குள் விழுந்தான் பாலகணேஷ். இரண்டு ஞாயிறுகளின் வெயிலெல்லாம் அன்றைக்குத்தான் உடம்பைவிட்டுப் போனது. துண்டைக் கட்டிக்கொண்டு கரையேறினான். "ஈரத்தக் குடுங்க, காயப் போடுதேன்" என்று துணியை வாங்கிப் போனாள் செல்வி.

இலை விழுந்தது. கோழிக் குழம்பு, சுக்கா, மறுபடியும் சுக்கா. செல்வி வாழைகளுக்கு நடுவே போவாள், நிறைந்த பாத்திரத்தோடு வருவாள். மூன்றாம் சோற்றுக்குக் குழி பறித்தபோது பாலகணேஷுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏட்டி செல்வி, இவன் மனுசன். முன்னப்பின்னத் தெரியாத ஆளுக்கு இம்புட்டுப் பிரியமாப் போடுதானே. ஒங்க அண்ணனும்தான் இருக்கானே! இந்தத் தோப்புக்காரரக் கூப்பிடு. கையப் பிடிச்சு ரெண்டு வார்த்த சொல்லணும்."

"கண்டிப்பாக் கூப்பிடணுமா?"

"கூப்பிடுங்கேன்!"

செல்வி வாழைகளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அண்ணே! ஒங்களக் கூப்பிடுதாவ!"

கையில் கரண்டியோடு வந்து நின்றான் வல்லரசு. "கொழம்புல உப்பு சரியா இருக்கா மாப்ள?"

பாலகணேஷின் வாயில் எலும்பு இருந்தது. கடிக்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஒருவழியாக விழுங்கிவிட்டு எழுந்தான்.

"சதி! இது சதி!"

"என்ன சதி?" என்றாள் செல்வி. "வாசப்படிய மிதிச்சியளா? கூரைக்குக் கீழ நின்னியளா? ஒங்க சபதத்துல ஒரு கீறல் உண்டா, சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தான். கீறல் இல்லை. வயிறு மட்டும்தான் நிறைந்திருந்தது. அவனுக்கு மறுபடியும் கம்பீரம் வந்தது.

"சரி. அப்ப கீறல் விழாமலே கெளம்புதேன். பேண்ட் சட்டையக் கொண்டா."

"உள்ள கொடியில காயுது."

"எதுக்குள்ள?"

செல்வி வாழை மட்டையை விலக்கிக் காட்டினாள். அந்தப் பக்கம் மஞ்சள் பெயிண்ட்டில் மாடி வீடு பளபளத்தது.

"போயி எடுத்துட்டு வா."

"கையெல்லாம் கொழம்பு."

"பிள்ளைகள அனுப்பு."

"தொட்டிய விட்டு ஏற மாட்டேங்காவ."

பாலகணேஷ் வல்லரசு பக்கம் திரும்பினான். "மச்சான்... நீங்களாச்சும்..."

"அய்யய்யோ! வீட்டு மாப்ள துணிய நான் தொட்டு எடுத்தாந்தா என்ன மரியாத மாப்ள அது?"

பாலகணேஷ் துண்டைப் பார்த்தான். அது சின்னத் துண்டு. ராஜபாளையம் போகும் சாலையைப் பார்த்தான். அது பெரிய சாலை. பிறகு யாரையும் பார்க்காமல் மஞ்சள் வீட்டை நோக்கி நடந்தான்.

வாசலில் வல்லரசின் மனைவி மாரிக்கனி ஆரத்தித் தட்டோடு நின்றாள். சூடம்கூட ஏற்றியாகிவிட்டது.

"மாப்ள, வலது கால எடுத்து வச்சு வாங்க!" என்று பின்னாலிருந்து வல்லரசு கத்தினான்.

புகுந்த வீட்டுக்கு வந்த புதுப்பெண்போலத் தலையைக் குனிந்துகொண்டு, இடுப்புத் துண்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, பாலகணேஷ் வலது காலை எடுத்து வைத்தான்.