மாப்பிள்ளை நடத்தும் காலைக் கூட்டம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே யாவரும் சுகம். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் வெல்டிங் பட்டறையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். முறைக்குத் தாங்கள் என் மாப்பிள்ளையின் அண்ணன்தான் என்றாலும், பெண் கேட்டு வந்ததும் கல்யாணத்தை நடத்தி வைத்ததும் தாங்களே என்பதால் சம்பந்தி என்றே அழைக்கிறேன். 'யாவரும் சுகம்' என்று மேலே எழுதியது கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. சுகமில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே மாப்பிள்ளை காதில் விழுந்துவிடும். பேனாவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

மாப்பிள்ளைக்கு வேலை போய் ஐந்து மாதமாகிறது. தங்களுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார். தாங்கள் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, மீட்டிங் இருக்கிறது என்று அவசரமாக வைத்துவிடுவாரே, அப்போது இடுப்பில் இருப்பது லுங்கி.

ஆனால் மீட்டிங் இருப்பதென்னவோ உண்மை. எங்களோடுதான். மென்பொருள் எழுதும் அலுவலகங்களில் தினமும் காலையில் எல்லோரும் வட்டமாக நின்றுகொண்டு, நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய், எது தடையாக இருக்கிறது என்று கேட்டுக்கொள்வார்களாம். உட்கார்ந்தால் பேச்சு வளர்ந்துவிடுமாம். வேலை போன மறு வாரமே அதை எங்கள் சமையலறையில் ஆரம்பித்துவிட்டார். நான் சரக்குக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே ஒருவனை நிற்க வைத்துப் பேசினால் அவனுக்குத் திட்டு விழுகிறது என்று அர்த்தம். முதல் நாள் பயந்துபோய், நேற்று பேப்பர் படித்தேன், இன்றும் படிப்பேன், முட்டி வலிக்கிறது என்று ஒப்பித்தேன். அவர் சிரிக்கவில்லை. முட்டி வலியை ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் 'நடந்துகொண்டிருப்பவை' என்ற வரிசையில் ஒட்டிவிட்டார். நடக்க முடியவில்லை என்பதுதானே சம்பந்தி என் புகாரே? அப்புறம் பேத்தி பால் குடிக்காததும் சீட்டாயிற்று, சமையலறைக் குழாய் ஒழுகுவதும் சீட்டாயிற்று. குழாயை மூன்று முறை பிரித்து மாட்டி, மூன்று முறையும் 'முடிந்தவை' வரிசைக்கு மாற்றினார். குழாய்க்குத்தான் அது புரியவில்லை.

இந்தக் கூத்து இன்னும் எத்தனை நாளைக்கு என்று மகளிடம் தனியாகக் கேட்டேன். பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலைக்குக் கிளம்பி, தோளில் பையோடுதான் அவளும் தினம் நிற்கிறாள்.

"நின்னுட்டுப் போயிடலாம்ப்பா. நாள் முழுக்க அந்தக் கொஞ்ச நேரந்தான் அவர் நிமிர்ந்து நிக்கிறார்" என்றாள்.

இப்போதெல்லாம் நான்தான் முதல் ஆளாகப் போய் நிற்கிறேன்.

நேற்று வருடக் கடைசிக் கூட்டம். இந்த வருடம் எது நன்றாகப் போனது, எது சொதப்பியது, என்ன கற்றுக்கொண்டோம் என்று ஆளுக்கு மூன்று சீட்டு. 'நன்றாகப் போனது' என்பதன் கீழே பேத்தி, தினமும் அப்பாவே பள்ளிக்கு வந்து அழைத்துப் போவதாக எழுதி ஒட்டினாள். அதைப் படித்த மாப்பிள்ளை, சொதப்பியதற்கு எழுதி வைத்திருந்த தன் சீட்டைக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். 'கற்றுக்கொண்டது' என்பதன் கீழே வெறும் சீட்டை ஒட்டினார். எழுத மறந்துவிட்டாரோ என்று கேட்டுத் தொலைத்தேன்.

"இந்த வருஷம் கத்துக்கிட்டது நான் இல்ல மாமா. தானா புரோகிராம் எழுதுற ஒரு மென்பொருளுக்கு, பக்கத்துல உக்காந்து நான்தான் எல்லாம் கத்துக்குடுத்தேன். அது நல்லாக் கத்துக்கிச்சு. என்னை அனுப்பிட்டாங்க."

அடுப்பில் ஒன்றுமில்லை, ஆனாலும் போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெற்றால்தான் பிள்ளையா, சம்பந்தி?

பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம், தம்பி கம்ப்யூட்டரையே வேலை வாங்குகிறான் என்று தாங்கள் சொல்வீர்களாமே. அந்தப் பெருமைக்குத்தான் பயப்படுகிறார். தயவுசெய்து ஒரு நடை வந்து போங்கள். திட்டினாலும் பரவாயில்லை. தாங்கள் திட்டினால் அழுவார். எங்கள் முன்னால் அழ மாட்டேன் என்கிறார். நான் எழுதியதாக மட்டும் காட்டிக்கொள்ள வேண்டாம்.

பிறக்கப் போகும் வருடம் தங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் கொஞ்சம் கருணையோடு பிறக்கட்டும். குழந்தைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள்மேல் மாறாத மரியாதையுள்ள,
சம்பந்தி

பி.கு.: உறையை எடுத்த பிறகுதான் தங்கள் விலாசம் என்னிடம் இல்லை என்பது புத்திக்கு எட்டியது. மாப்பிள்ளையைத் தவிர யாரிடம் கேட்பது? எதற்கு என்றார். எனக்குப் பொய் சொல்ல வராது, கடிதத்தையே நீட்டிவிட்டேன். நின்றபடியே முழுவதும் படித்தார்.

"அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது மாமா. வெளியில சொல்லிக்க மாட்டார். எது வந்தாலும் சின்ன வயசுலேருந்து நான்தான் படிச்சுக் காட்டுவேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பையில் துணி எடுத்து வைத்தார்.

ஆகவே தாங்கள் வர வேண்டியதில்லை. இப்போது இதைத் தங்களுக்குப் படித்துக்கொண்டிருப்பது அவர்தான். லுங்கி உட்பட ஒரு வரியும் விடாமல் படிப்பதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

மாப்பிள்ளை, கடிதம் இத்தோடு முடிந்தது. தாளைக் கீழே வையுங்கள். அண்ணன் பக்கத்தில்தான் இருக்கிறார்.